மேற்குத்துறைச் சுவரில் ஒடீலின் முகம்

ஒடீல் ஷ்மெர்பர் காலையில் சமையலறை ஜன்னல் திரையை விலக்கியபோது, ஆற்றுக்கு அக்கரையில் அவளுடைய முகமே அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. மேற்குத்துறையின் பெரிய தானியக் கோபுரத்தில், உச்சியிலிருந்து பாதிச் சுவர் வரை இறங்கும் பேனர். மஞ்சள் தலைக்கவசம், அதற்கடியில் காற்றில் கலைந்த நரைமுடி, பல் தெரியச் சிரிப்பு. கீழே ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் கொட்டை எழுத்து: "நான் தயார். நீங்கள்?"

"தியெரி! இங்க வா! சீக்கிரம் வா!"

அவள் கணவன் தியெரி, வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டோடு மெதுவாக வந்தான். முதுகெலும்பு தேய்ந்து வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிய ஆள். அவசரம் என்ற ஒன்றையே மறந்துபோனவன்.

"அட, நீயா! நல்லாத்தான் இருக்கே. பல்லுதான் கொஞ்சம் பெருசா விழுந்திருக்கு."

"ஏதோ கையேட்டுல சின்னதா போடப்போறோம்னுதானே சொன்னாங்க? இப்படி ஊருக்கே காட்டுவாங்கன்னு யாரு கண்டா?"

"ஒரு ஊருக்கா? மூணு நாட்டுக்காரனும் பாக்கணும்ல. சின்னதா போட்டா ஜெர்மன்காரனுக்குத் தெரியாது."

அவள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தாள்.

வீடு பிரான்சில், ஹுனிங் ஊரின் ஆற்றோரத் தெருவில். வேலை சுவிட்சர்லாந்தில், பாசல் துறைமுகத்தில். ஜன்னலிலிருந்து பார்த்தால் அவள் ஓட்டும் கிரேனே தெரியும். ஆனால் அந்த இடத்தில் ரைனைக் கடக்கப் பாலம் இல்லை. வடக்கே போய், நடைபாலம் ஏறி, ஜெர்மனியின் வைல் ஊரில் இறங்கி, திரும்பத் தெற்கே மிதித்துத்தான் பாசலுக்குள் நுழைய வேண்டும். தினமும் மூன்று நாடு. அன்றைக்கு எந்த வளைவில் திரும்பினாலும் அந்த மஞ்சள் தலைக்கவசம் எதிரே வந்து நின்றது.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது. பள்ளிக்கூடத்தில் அதற்காகவே அடி வாங்கினாள். ரொட்டிக்கடையில் ஒரு வருஷம், மருந்துக் கம்பெனியில் குப்பிக்கு மூடி போடும் வேலை ஒரு வருஷம் என்று எதிலும் தங்கவில்லை. இருபத்தாறு வயதில் யாரோ விளையாட்டாகச் சொன்னதைக் கேட்டு கிரேன் ஓட்டப் பழகினாள். உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், காலுக்கடியில் கப்பலும் ரயிலும் லாரியும் நகர்ந்துகொண்டே இருக்கிற அந்த நாற்காலியில் மட்டும் அவள் உடம்பு அடங்கியது. "உலகம் நகர்ந்தா நான் உக்காந்திருப்பேன். உலகம் உக்காந்தா நான் நகரணும்" என்பாள்.

அந்தத் துறைமுகத்தைத்தான் இப்போது நகரமாக்கப் போகிறார்கள். மேற்குத்துறையின் தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டு வீடுகள், கடைகள், பூங்கா, ஆற்றைப் பார்த்த நடைபாதை, அக்கரைக்கு ஒரு பாலம். மூன்று ஊர்களும் சேர்ந்து போடும் திட்டம். கன்டெய்னர் வேலையெல்லாம் பின்பக்கம் தோண்டி முடியப்போகும் புதுத் துறைமுகக் குடாவுக்குப் போகும். அங்கே கிரேனுக்குள் ஆள் இருக்காது. ஓர் அறைக்குள் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டுவார்கள். கீழே நின்று வழிகாட்டும் ஆட்கள் தேவையே இல்லை.

ஒடீலுக்குத் திட்டத்தின் மேல் கோபம் இல்லை. பொதுக்கூட்டத்தில் எழுந்து, "எனக்கு அந்தப் பாலம் வேணும். என் வீட்டு ஜன்னல்ல துணி காயறது கிரேன்லேர்ந்து தெரியுது. மழை வந்தா போய் எடுக்கணும்னா ஜெர்மனியைச் சுத்திப் போகவேண்டியிருக்கு" என்றாள். அரங்கமே சிரித்தது. மேடையிலிருந்த விளம்பர அதிகாரி அன்னீனா ஃப்ளூக்கிகர் என்ற பெண், கூட்டம் முடிந்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரம் கழித்து புகைப்படக்காரன் வந்தான். ஒடீல் தலையாட்டினாள். அவ்வளவுதான் நடந்தது.

உணவுக்கூடத்தில் நுழைந்தவுடன் ஒருவன் எழுந்து நின்று நெஞ்சில் கைவைத்தான். "மேயரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் எழுந்திரிங்கப்பா!"

"நான் தயார்," என்று இன்னொருவன் கரண்டியைத் தூக்கினான். "சூப்பு தயாரா?"

ஒடீலும் சிரித்து வைத்தாள். மிலொராட் யெவ்டிச் மட்டும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சிறுவயதில் செர்பியாவிலிருந்து வந்தவன், கிரேனுக்குக் கீழே நின்று அவளுக்கு வழிகாட்டுபவன். பத்தொன்பது வருஷமாக அவள் காதுக்குள் பேசிக்கொண்டிருந்த குரல் அவனுடையது. கப்பல்காரன் கஞ்சத்தனத்திலிருந்து மாமியார் மூட்டுவலி வரை எல்லாமே வாக்கிடாக்கியில் வந்துவிடும். முந்தைய வாரம்தான் அவனைக் கூப்பிட்டு, புதுத் துறைமுகத்தில் இடமில்லை என்று சொல்லியிருந்தார்கள்.

அன்று அவன் குரல் வந்தது, பேச்சு வரவில்லை. "இடது. இறக்கு. நிறுத்து." பிறகு கரகரப்பு. மறுபடி, "வலது. இறக்கு."

"மிலொ, என்னடா ஆச்சு உனக்கு?"

"இறக்கு."

ஷிஃப்ட் முடிந்ததும் படிக்கட்டடியில் அவனை மறித்தாள். "அந்த வாசகத்தை நான் எழுதலடா. படம் எடுத்தாங்க, சிரிச்சேன்."

"சிரிச்சல்ல? அதான் தெரியுதே. நான் காலைல பஸ்ஸ விட்டு இறங்கினா உன் பல்லுதான் முதல்ல தெரியுது. என்னைப் பாத்துக் கேக்குற, நீ தயாரான்னு." அவன் கையுறையைக் கழற்றிப் பைக்குள் திணித்தான். "நான் தயாரில்ல ஒடீலு. போ, போய் உன் பாலத்தைக் கட்டு."

அவள் நேராக அன்னீனாவின் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே மேஜை முழுக்க அட்டையில் செய்த குட்டி வீடுகள், பஞ்சு மரங்கள். மேற்குத்துறை இருந்த இடத்தில் மரத்தடியில் குட்டி மனிதர்கள் கை கோத்து நடந்தார்கள். கிரேன் ஒன்றும் இல்லை.

"எடுத்துடுங்க," என்றாள் ஒடீல், உட்காராமலே.

"இலையுதிர் விழா முடியட்டும்னு கேட்டுக்கறேன். மூணு நகரசபையும் சேர்ந்து ஒத்துக்கிட்ட படம் அது. மூணு பேரும் ஒரு விஷயத்துக்கு ஒத்துக்கிட்டது அது ஒண்ணுதான்."

"பாலம் வேணும்னுதான் சொன்னேன். என் மூஞ்சி வேணும்னு சொல்லல."

அன்னீனா சாய்ந்திருந்த ஒரு பஞ்சு மரத்தை நிமிர்த்தி வைத்தாள். பிறகு, "நான் கிளைன்ஹுனிங்கன்ல பொறந்தவ. துறைமுகத்துக்குப் பின்னாடித் தெரு. எங்கம்மா பால்கனில ஒரு துணி காயப்போட்டதில்ல, அவ்வளவு கரித்தூசி. ஆறு எங்க இருக்குன்னே எங்களுக்குத் தெரியாது, நடுவுல வேலி. நீங்க அன்னைக்கு எழுந்து பேசினப்போ, அம்மா பேசற மாதிரி இருந்துச்சு. உங்களுக்குப் பெருமையா இருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

அதில் பொய் இல்லை என்று ஒடீலுக்குத் தெரிந்தது. அதனாலேயே எரிச்சல் இன்னும் கூடியது. திட்டித் தீர்க்க ஆள் கிடைக்காமல் திரும்பி வந்தாள்.

அதற்குப் பிறகு வீட்டிலும் அவளால் நிற்க முடியவில்லை. அலமாரியை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இழுத்தாள். தோட்டத்து ரோஜாவைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டாள், அது வாடியதும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். சாப்பிடும்போது ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். தியெரியோ காலையில் எழுந்ததும் ஜன்னலுக்குப் போய், "என்ன மேடம், தூக்கமெல்லாம் சரியா?" என்று பேனரை விசாரிக்க ஆரம்பித்திருந்தான்.

"அவகிட்ட என்ன பேச்சு உனக்கு?"

"அவ சிரிக்கிறா. வீட்டுல இருக்கறவ சிரிச்சு எவ்வளவு நாளாச்சு?" பிறகு, விளையாட்டுக் குரலை விட்டுவிட்டுச் சொன்னான். "வித்துட்டு மலைப்பக்கம் போயிடலாம் ஒடீல். அக்கரைல கட்டடம் வந்தா இந்தத் தெரு நம்ம தெருவா இருக்காது. வோஜ் மலையில ஒரு சின்ன வீடு, ரெண்டு ஆடு."

"ஆட்டைப் பாத்துக்கிட்டு நான் உக்காந்திருப்பேன்னு நினைக்கிறியா?"

"எங்கதான் உக்காருவ நீ?"

அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டு வந்தாள்.

அக்டோபரில் ஒரு நாள் கிழக்கிலிருந்து காற்று அடித்தது. முற்பகலிலேயே கிரேன்களை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். திடீரென்று தானியக் கோபுரத்தின் பக்கம் பீரங்கி வெடித்தது போல ஒரு சத்தம். பேனரின் ஒரு பக்கக் கயிறு அறுந்துவிட்டது. கனத்துக்காக அடியில் கோத்திருந்த இரும்புக் குழாய் சாய்ந்து, ஒவ்வொரு வீச்சுக்கும் சுவரை மோதியது. மேற்பார்வையாளர் பியூர்கின் ஆட்களை விலக்கி, கீழே நின்ற படகை நகர்த்தி, துறையோரத்தைச் சுற்றி நாடா கட்டினார். பேனர் கம்பெனிக்குப் போன் போட்டார். காற்று அடங்கினால் நாளைக்கு வருகிறோம் என்றார்கள்.

"ஒருத்தரும் கிட்டப் போகாதீங்க. அடிச்சா அடிக்கட்டும்," என்றார் பியூர்கின்.

எல்லாரும் உணவுக்கூடத்துக்குப் போனார்கள். ஒடீல் நின்றுகொண்டேயிருந்தாள். அவள் முகம் சுவரில் மடங்குவதும் விரிவதுமாக இருந்தது. ஒரு கண், பிறகு வாய், பிறகு வெறும் மஞ்சள். அவள் பாதுகாப்புப் பட்டையை இடுப்பில் மாட்டிக்கொண்டு கோபுரத்தின் இரும்பு ஏணியில் ஏறினாள். மனதில் எந்த யோசனையும் ஓடவில்லை. கீழே நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

உச்சித் தளத்தில் தவழ்ந்து விளிம்புக்குப் போய் பட்டையைக் கம்பியில் மாட்டியபோது, பின்னால் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு?" மிலொராட். அவனும் பட்டை கட்டியிருந்தான். "பறந்து போனா பிரான்ஸ்லதான் விழுவே. நேரா வீட்டுக்குப் போயிடலாம்னு பாக்குறியா?"

பல வாரங்களுக்குப் பிறகு முழு வாக்கியமாக அவன் பேசியது அதுதான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. காற்றில் எது எதுவென்று அவளுக்கே தெரியவில்லை.

"எதுக்குடா ஏறி வந்தே?"

"நீ மேல இருந்தா நான் கீழ பாத்துக்கறதுதானே வேலை. இன்னும் ரெண்டு மாசம் இருக்கே எனக்கு." அவன் சட்டைப்பையைத் தடவி, பன்றி இறைச்சி வெட்டும் மடக்குக் கத்தியை எடுத்து நீட்டினான். "கத்தி கொண்டாந்தியா? இல்லதானே? தெரியும்."

மிலொராட் எட்டிப் பார்த்து, கீழே யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டு கையை ஆட்டினான். ஒடீல் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். கடைசிக் கயிறு அறுந்ததும் குழாய் துணியைக் கிழித்துக்கொண்டு வெறும் துறையில் விழுந்து கணீரென்றது. துணி பாய் விரித்தது போல உப்பி, ஒருமுறை மேலெழும்பி, ரைன் ஆற்றுக்குள் இறங்கியது.

நடு ஆறுதான் எல்லை. சுவிஸ் படகுப் போலீஸ் வந்தபோது அது பிரெஞ்சுப் பக்கம் ஒதுங்கியிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கரைக்கு வந்தபோது ஜெர்மன் பக்கம் போய்விட்டது. ஒருவருக்கொருவர் போன் போட்டுக்கொண்டார்கள். கடைசியில் வைல் ஊர்த் தீயணைப்புக்காரர்கள் நடைபாலத்துக்கு அருகில் வைத்து அதைக் கொக்கி போட்டு இழுத்தார்கள். கரையோரம் நடந்தே தொடர்ந்துபோன தியெரி வீட்டுக்கு வந்து, "மூக்கு மட்டும் கடைசி வரைக்கும் தண்ணிக்கு மேலயே இருந்துச்சு. உன் மூக்கேதான்," என்றான்.

விசாரணை வைத்தார்கள். காற்றில் தானாகவே விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் போதும், பியூர்கினே அப்படி எடுத்துக் கொடுத்தார்.

"காத்து பாதி," என்றாள் ஒடீல். "நான் பாதி."

"கூட யாராவது இருந்தாங்களா?"

"காத்து இருந்துச்சு."

மிலொராட் வாயைத் திறக்கக் கூடாது என்று முன்னமே அவனைச் சத்தியம் பண்ண வைத்திருந்தாள். அவளுக்குக் கண்டிப்பும் சில நாள் பணி இடைநீக்கமும் கிடைத்தன. அன்னீனா புகார் எதுவும் கொடுக்கவில்லை. விழாவில் அந்தச் சுவர் வெறுமையாகவே இருந்தது.

புதுத் துறைமுகத்தில் ஒடீலுக்கு இடம் தந்தார்கள். ஜன்னல் இல்லாத அறை, ஆறு திரைகள், இரண்டு கைப்பிடிகள். கன்டெய்னர் காற்றில் ஆடுவது கண்ணுக்குத் தெரிந்தது, இடுப்புக்குத் தெரியவில்லை. பயிற்சியிலேயே நாலைந்து முறை எழுந்து வெளியே போய் நின்றாள். மூன்றாம் வாரம் எழுந்து போனவள் திரும்பவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் நடந்து தேய்ந்தாள். தியெரிக்கே தாங்கவில்லை. "எங்கயாவது ஏறு தாயே, என் கண்ணு சுத்துது," என்றான். வசந்தத்தில் அவளாகவே ஒரு கட்டுமானக் கம்பெனியின் கதவைத் தட்டினாள். மேற்குத்துறையில், ரயில் தண்டவாளம் கிடந்த மண்ணில், முதல் குடியிருப்புக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியிருந்தார்கள். அதன் கோபுர கிரேனில் அவளை ஏற்றினார்கள். பழையதை விட உயரம். காற்றடித்தால் கூண்டே ஆடும்.

மிலொராட் வைல் ஊரில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஒரு சாயங்காலம் நடைபாலத்தில் எதிரெதிரே வந்தார்கள்.

"எங்க கம்பெனிக்கு வாயேன் மிலொ. கீழ நிக்கறவன் சரியில்ல. 'இடது'ங்கறான், கையை வலதுல காட்டறான்."

அவன் மேற்குத்துறைப் பக்கம் கையைக் காட்டினான். "அந்த மண்ணுல நான் கால் வைக்க மாட்டேன். நீ கட்டு, தப்பில்ல. என்னால ஆகாது." பிறகு அவள் சைக்கிள் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு, "மாமியாருக்கு மூட்டு ஆபரேஷன் ஆயிடுச்சு. இப்ப என்னை விட வேகமா நடக்கறா, கிழவி," என்றான். இருவரும் சிரித்தார்கள். 

பாலம் இன்னும் வரவில்லை. எந்த நாடு எவ்வளவு தூரம் கட்டுவது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒடீல் இன்னும் ஜெர்மனியைச் சுற்றித்தான் வேலைக்குப் போகிறாள். வீட்டை விற்கவில்லை. தியெரி மட்டும் வாரக் கடைசியில் மலைப்பக்கம் போய், யாருடைய ஆடுகளையோ பார்த்துவிட்டு வருகிறான்.

கட்டடம் ஆறாவது மாடியை எட்டிய வாரம், அவள் இரவுச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கைக் குத்திக்கொண்டே சொன்னாள்: "ஸ்ட்ராஸ்பூர்ல ஒரு வேலை வருதாம். அங்கயும் ஆத்தோரம்தான். பெருசாம்."

"இது முடியலையே இன்னும்."

"கூரை போட்டா கிரேனுக்கு வேலை இல்ல. கேட்டு வெச்சிருக்கேன்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"தெரியல."

தியெரி எழுந்து போய், மாடிப்படிக்குக் கீழே கிடந்த பயணப்பெட்டியை இழுத்து, கைப்பிடி உறுதியாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தான்.