சிங்கத்துக்கும் செவ்வாய்தான் ஆஃப்

மூன்று வாரம் முன்னால், கையைக் கடிக்காமல் குடும்பத்தோடு ஒரு நாள் சுற்றி வருவது எப்படி என்று இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கிறதா? புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், வண்டலூருக்கு பஸ் ஏறுங்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பிடிக்காதவர்கள் வாரநாளில் போய் ஆற அமர சிங்கம் பாருங்கள்... ஏக உபதேசம்.

எழுதினவன் சும்மா இருந்திருக்கலாம். போன செவ்வாய்க்கிழமை நானே மனைவியை அழைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கிளம்பினேன். ஒரகடத்தில் பஸ் மாறி, தேர்தல் சின்னங்கள் இன்னும் அழியாத சுவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே போய் இறங்கினால் — மிருகக்காட்சி சாலை கேட் பூட்டியிருக்கிறது. செவ்வாய் விடுமுறையாம்.

"நீங்க எழுதினதை நீங்களே நம்பிட்டீங்களா?" என்றாள் மனைவி.

மரத்தடியில் நின்றிருந்த ஒருவர் காதில் இது விழுந்துவிட்டது. பக்கத்தில் டிபன் கேரியரோடு அவர் மனைவி. வயிற்றுவலி என்று ஸ்கூலுக்கு லீவ் சொல்லிவிட்டு வந்த எட்டு வயது மகள்.

"அதை எழுதினது நீங்கதானா சார்?" என்றார். மரியாதையா, கோபமா? இன்று வரை எனக்குப் புரியவில்லை.

ஒரகடத்துக்காரர். மறைமலை நகரில் ஒரு ஃபேக்டரியில் வேலை. கரண்ட் பற்றாக்குறையால் கம்பெனிக்குக் கம்பெனி வெவ்வேறு நாளில் வார விடுமுறையாம். இவர்களுக்கு விழுந்தது செவ்வாய். ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கலாமே என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன்.

"செவ்வாய்தான் சார் எங்க ஞாயிறு. செவ்வாய்ன்னா வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போவோம், வேற இன்னா கீது? போன வாரம் இந்தப் பொண்ணு கேக்குது சார்... ஏம்பா, முருகனைத் தவிர நாம வேற யாரையும் பாக்கவே கூடாதான்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. வகுப்பில் எல்லாரும் சிங்கம் பார்த்தாயிற்றாம், இவள் ஒருத்திதான் பாக்கி. புதன்கிழமை வந்து சொல்கிறேன் என்று சிநேகிதிகளிடம் வேறு சவால் விட்டிருக்கிறாள்.

இரண்டு குடும்பமும் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எங்கள் புளியோதரை அங்கே, அவர்கள் எலுமிச்சை சாதம் இங்கே. பாதிச் சாப்பாட்டில், உள்ளேயிருந்து ஒரு கர்ஜனை... எல்லார் கையும் அப்படியே நின்றது.

"சத்தமாவது கேட்டாச்சு இல்ல?" என்றார் அப்பா.

"கேட்டேன்னு சொன்னா யாரு நம்புவா?" என்றாள் மகள்.

அவர், வருகிற ஞாயிற்றுக்கிழமை லீவ் போட்டுவிடுவதாகச் சொன்னார். சம்பளத்தில் பிடித்துவிடுவார்களே என்று அவர் மனைவி மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

பஸ் சார்ஜ், சாப்பாடு, ஒரு சோடா... எல்லாவற்றுக்கும் நான் கணக்கு எழுதியிருந்தேன். ஒரு நாள் சம்பளத்தை எழுதவில்லை. மலிவு, மலிவு என்கிறோமே — யாருக்கு மலிவு? ஞாயிறு எல்லார் வீட்டுக்கும் ஒரே நாளில்தான் வரும் என்று எனக்கு யார் சொன்னது?

பஸ் ஏறும்போது அந்தச் சிறுமி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க எழுதறவருதானே? எங்க அப்பா ஆஃபை மாத்தச் சொல்லி எழுதுங்க. இல்லாங்காட்டி சிங்கத்து ஆஃபையாவது மாத்தச் சொல்லுங்க."

எழுதிவிட்டேன், பாப்பா. இரண்டில் எது சுலபம் என்றுதான் தெரியவில்லை.