எவந்தியாவின் மௌனம்

‘மௌனத்தின் கவிஞர், கிரேக்கத் திரையின் அமைதியான கண்’ என்று இயக்குநர் எவந்தியாவைப் பற்றித் திரைப்பட விழா மலர் எழுதியிருந்தது. அதைக் கலிம்னோஸ் தீவின் துறைமுகத்துக் காப்பிக்கடையே அதிரும்படி அவள்தான் உரக்க வாசித்தாள். நடுநடுவே, காப்பியில் சர்க்கரை கூடிவிட்டதென்று கடைக்காரனோடு சண்டை வேறு.

மௌனம் வந்த வழி இது. அழகான எதைக் கண்டாலும் எவந்தியா மும்முறை துப்பிவிடுவாள். கண்ணேறு கழியக் கலிம்னோஸில் எல்லோரும் செய்வதுதான்; குழந்தைக்கும் துப்புவார்கள், புதுப் படகுக்கும் துப்புவார்கள். காமிரா ஓடும்போது துப்புகிறவள் இவள் ஒருத்தி. நடிப்பு சுமாராக இருந்தால் ஒலி சுத்தமாக வரும். அபாரமாக அமைந்துவிட்டாலோ, சரியாக உச்சக்கட்டத்தில், ‘தூ, தூ, தூ!’

“தாயே, இந்தப் படத்துலயும் உன் எச்சில்தான் கதாநாயகன்,” என்பார் ஒலிப்பதிவாளர் ஃபோதிஸ்.

“துப்பாம விட்டா அந்தப் பொண்ணு நாளைக்குக் காய்ச்சல்ல படுத்துக்கும். நீயா சூப்பு வெச்சுக் குடுப்பே?”

ஆகவே நல்ல காட்சிகளிலெல்லாம் ஒலியை வெட்டி எறிந்தார்கள். ஏதென்ஸ் விமர்சகர்கள் அந்த நிசப்தத்தில் வாழ்வின் வெறுமையைக் கண்டு விருது கொடுத்தார்கள்.

புதுப் படத்தில் வெட்ட வழியில்லை. கடைசிக் காட்சியே ஒப்பாரி. கடற்பஞ்சு எடுக்க மூழ்கித் திரும்பாதவர்களுக்காக அதைப் பாடும் பொலிக்ஸேனிக்கு மறுநாள் தொண்டையில் அறுவைச் சிகிச்சை. குரல் மிஞ்சுமா என்று மருத்துவரே சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை பாடுகிறேன் என்றிருந்தாள்.

“வாயில துணிய அடைச்சுக்க,” என்றார் ஃபோதிஸ்.

எவந்தியாவுக்கு இரண்டு பக்கமும் இடி. துப்பினால் பாட்டு போய்விடும். ரசித்துவிட்டுத் துப்பாமல் நின்றால், விடிந்தால் கத்திக்குக் கழுத்தை நீட்டப் போகிறவள்மேல் தன் கண்ணே பட்டுவிடும்.

“என்னடி முழிக்கிறே? பாடவா, வேண்டாமா?” கறுப்பு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டே கேட்டாள் பொலிக்ஸேனி.

“பாடுக்கா. நான் பாக்கல.”

“நீதானேடி டைரக்டரு?”

“அதனாலதான்.”

அந்த இறுதிக் காட்சியின் ஒவ்வொரு அசைவிலும் இயக்குநரின் கண் விழித்திருக்கிறது என்று பிறகு எழுதினார்கள். காமிரா ஓடியபோது எவந்தியா, அலைத்தடுப்புச் சுவரின் கடைசிவரை நடந்துபோய், படப்பிடிப்புக்கு முதுகைக் காட்டி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.