வேலம்மாளுக்கு வைத்த தண்ணீர்

இது நடந்தது. நம்பாதவர்கள் மலையாள நாட்டுச் சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டிச் சந்துக்குப் போய் விசாரித்துக்கொள்ளுங்கள். பொன்செல்வியிடம் கேட்டால் வாயே திறக்க மாட்டாள். வைரஸ் ஆய்வுக்கூடத்தில் சம்பளம் வாங்குகிறவள் பேயைப் பார்த்தேன் என்றால் ஊர் சிரிக்காதா? என்னிடம் மட்டும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை அழுதாள்.

டெங்கு வைரஸ் ஆள் மாறி ஆள் தாவும்போது தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்ளும். அந்த மாற்றங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் யாருக்குப் பிறகு யார் என்று ஓரளவு தெரிந்துவிடும். அதுதான் அவள் வேலை. அந்தச் சந்தில் ஆறு பேர் டெங்குவில் படுத்திருந்தார்கள். ஆறு பேரிடமும் இருந்த வைரஸ் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். தாய் எங்கே என்றுதான் தெரியவில்லை. கொசு முட்டையிடும் இடம் கிடைக்காவிட்டால் ஏழாவது ஆள் நிச்சயம்.

ஆறு பேரில் மோசமாக இருந்தது ஒன்பது வயது ரேஷ்மி. அப்பா பேச்சிமுத்து மண்டியில் மூட்டை தூக்குகிறவர், தென்காசிப் பக்கம். அம்மா வேலம்மாள் ஒன்றரை மாதத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டாள். சாதாரணக் காய்ச்சல்தானே என்று மாத்திரையோடு விட்டுவிட்டார்கள். ரத்தம்கூட எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த மகளுக்கு மாற்றுத்துணி எடுக்க வந்த பேச்சிமுத்துதான் மண்டி மாடியில் இருந்த வீட்டைத் திறந்துவிட்டார். பகல் மூன்று மணி. பொன்செல்வி வாளி, குடம், பிரிட்ஜுக்குப் பின்னால் என்று ஒன்று விடாமல் பார்த்தாள். எல்லாம் காய்ந்து கிடந்தன. மூலையில் வேலம்மாளுக்காக விளக்கும், ஒரு சொம்புத் தண்ணீரும். மலையாளி யாராவது வந்திருந்தால் எட்டிப் பார்த்திருப்பார்கள். இவள் தமிழச்சி. செத்தவர்களுக்கு வைத்த தண்ணீரில் டார்ச் அடிக்க மனம் வராமல் கும்பிட்டுவிட்டு நகர்ந்தாள்.

படியில் இறங்கினாள். பாதிப் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அந்த வெயிலில் கட்டம் போட்ட கம்பளி போர்த்தியிருந்தாள். உதடு வெடித்திருந்தது.

ங்ங்ங்… காதோரம் கொசு. பொன்செல்வியின் கையில் நாலைந்து உட்கார்ந்தன. தட்டிவிட்டாள். மறுபடியும் வந்தன.

அந்தப் பெண் மேல் ஒன்றுகூட உட்காரவில்லை…

"சொம்பப் பாக்கலியேக்கா?" குரல் வறண்டிருந்தது.

"எந்தச் சொம்பு?"

"அதக் கொட்டிருங்க. யாரும் குடிக்கல."

கடைத்தெருச் சத்தம் சட்டென்று நின்றது.

திரும்பி மேலே ஓடினாள்.

டார்ச்சை அடித்தாள்.

சொம்பு முழுக்கப் புழு… நெளிந்தது.

"ஐயோ, தொடாதீங்க மேடம்!" பேச்சிமுத்து குறுக்கே வந்தார். "பதினாறு கழிஞ்சும் நான் எடுக்கல. தெனமும் கொஞ்சங்கொஞ்சமா கொறையுது. அவ வந்து குடிக்கா. நான் மேல ஊத்தி நெறச்சு வைக்கேன்."

வெயில் குடித்த தண்ணீரை அவள் குடித்ததாக நினைத்து, பழைய தண்ணீரைக் கொட்டாமலே ஊற்றி வந்திருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. அவர் சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப எம்புள்ளைக்கு நாந்தான்…" என்றார்.

"படியில ஒரு அக்கா இருந்தாங்களே, யாரு?"

"படியிலயா? கீழ கேட்டை நான் உள்ளாரப் பூட்டிட்டுல்லா வந்தேன்."

படியில் யாரும் இல்லை. கீழே கேட்டில் பூட்டு பூட்டியபடி தொங்கியது.

சொம்புப் புழுக்களை ஆய்வுக்கூடத்தில் கொசுவாக வளரவிட்டுச் சோதித்தார்கள். அவள் தேடிய தாய் வைரஸ் அவற்றில்தான் இருந்தது. அதற்குப் பிறகு சந்தில் யாரும் காய்ச்சலில் படுக்கவில்லை.

அது பின்னால். அன்று சாயங்காலமே பொன்செல்வி ரேஷ்மி இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்ஸ் ஜெஸ்லின் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அட்மிட் ஆன அன்னிக்கே இவ சொன்னா சேச்சி. அம்மா கம்பளி போத்திட்டு கட்டில் பக்கத்துல இருக்காளாம். 'வீட்டுத் தண்ணில புழு கிடக்கு மக்கா, குடிக்க முடியல'ன்னாளாம். காய்ச்சல்ல பெனாத்துதுன்னு விட்டுட்டேன். ஆனா இந்த ஜக்கு… இவ வாயில ஒரு சொட்டு எறங்கல, ட்ரிப்புதான். தெனம் விடியக்காலத்த பாத்தா ஜக்கு காலி."

பின்னால் நின்ற பேச்சிமுத்து வந்து ஜக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஜக்கை அவரே கழுவி, அவரே நிரப்பினார். காலையில் அது காலியாகத்தான் இருந்தது.

ரேஷ்மி பிழைத்தாள். வீட்டுக்குப் போகிற நாளன்று பொன்செல்வி ஆட்டோ கொண்டுவந்தாள். பையெல்லாம் கட்டியாகிவிட்டது. பேச்சிமுத்து மட்டும் ஜக்கின் எதிரே உட்கார்ந்திருந்தார். ராத்திரி நிரப்பிய தண்ணீர் விளிம்பு வரை ததும்பி நின்றது.

"கொஞ்சம் பொறுங்க மேடம்," என்றார். "அவ இன்னும் வரல."

ஆட்டோக்காரன் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். தண்ணீர் குறையவே இல்லை.