மூன்றாம் குழியில் நான் எடுத்த மணி

காலை 7.10. தென்னந்தோப்பைத் தாண்டியதும் முதலில் கண்ணில் பட்டவை பன்னிரண்டு செருப்புகள். அகழாய்வுக் குழிகளின் ஓரத்தில் ஜோடி ஜோடியாகக் கிடந்தன. செருப்புக் காலோடு இங்கே யாரும் இறங்குவதில்லை. மிதிபட்டால் பானை ஓடு நொறுங்கிவிடும். நானும் கழற்றிப் போட்டேன்.

தேனியிலிருந்து கடமலைக்குண்டுக்குப் பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம், முப்பது ரூபாய். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் ஆட்டோ, எண்பது ரூபாய். ஆட்டோக்காரர் வழியில் கேட்டது ஒன்றுதான்: “தங்கம் எதும் ஆப்புட்டுச்சா சார்?” ஞாயிறு இதழுக்கு எழுதுவதற்காக, ஒரு நாள் தோண்டிப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தேன்.

மூன்றாம் குழி நான்கு மீட்டர் சதுரம், இடுப்பளவு ஆழம். நூல் கட்டி நான்கு கட்டங்களாகப் பிரித்திருந்தார்கள்; அன்று இரண்டில்தான் ஆள். மேற்பார்வை ரம்யா, ஆய்வு மாணவி. ஒரே ஒரு விதி சொன்னார்.

“எது தெரிஞ்சாலும் ‘கை’ன்னு சத்தம் குடுங்க சார். எல்லாரும் கையை மேல எடுத்துருவாங்க. நான் வந்து ஆழம் அளக்குற வரைக்கும் அது கிடந்த இடத்துலயே கிடக்கணும். எடுத்துட்டா எந்தக் காலத்து மண்ணுல இருந்துச்சுன்னு சொல்லவே முடியாது.”

என்னைச் செல்வராணியின் கட்டத்தில் உட்காரவைத்தார். செல்வராணிக்கு நாற்பது வயதிருக்கும்; மற்ற நாட்களில் முருங்கைக்காய் பறிக்கப் போகிறவர். பதினோரு நாளாக இந்தக் கட்டத்தைச் சுரண்டுகிறார், கிடைத்ததெல்லாம் ஓடு. ஓடு பொதுச் சாக்கில் சேரும். மணியோ காசோ கிடைத்தால் தனிப் பொட்டலம் போட்டு, கண்டெடுத்தவர் பெயரை அதில் எழுதுவார்கள். அடுத்த கட்டத்துக் காமாட்சியின் பெயர் ஏற்கெனவே இரண்டு பொட்டலங்களில் இருந்தது.

“இவ பேரச் சாக்கு மேலதான் எழுதணும்,” என்றார் காமாட்சி.

“ஒன் கட்டத்துல இருந்தவன் பணக்காரன் ஆத்தா. என் பக்கம் கஞ்சிச் சட்டிய ஒடச்சவன்,” என்றார் செல்வராணி. பிறகு என்னிடம், “எம் மக தேனி காலேசுல படிக்கா சார். ஒம் பேரு போட்ட பொட்டலத்தப் போட்டோ எடுத்து அனுப்புன்னு தெனமும் போன் பண்றா.”

10.40. செல்வராணி மண் கூடையோடு மேலே ஏறினார். காமாட்சி தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். மூலையில் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தேன். மிளகளவில் சிவப்பாக ஒன்று தெரிந்தது. சூதுபவள மணி; அந்தக் காலத்து மாலையில் கோத்த செங்கல் நிறக் கல்.

நான் சத்தம் கொடுக்கவில்லை. கைப்பேசியை எடுத்தேன். மண்ணோடு படம் எடுபடவில்லை. மணியை நகத்தால் நெம்பி, உள்ளங்கையில் வைத்து, வெயிலுக்குத் திருப்பி மூன்று படம் எடுத்தேன். துளைக்குள் அடைத்திருந்த மண்ணை ஊதினேன், வெளிச்சம் ஊடுருவியது. மேலே பேச்சுக் கேட்டதும் மணியைப் பள்ளத்தில் அழுத்தி மண்ணைத் தூவினேன். பொருளை நகர்த்திவைத்துப் படம் எடுக்கிறவர்களைக் கண்டித்து நான் இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன்.

இறங்கி வந்த செல்வராணி இரண்டு முறை பிரஷ் போட்டார். “கை!” என்று கத்தினார். மூன்று குழியிலும் கைகள் உயர்ந்தன. என் கையும் உயர்ந்தது.

ரம்யா ஓடி வந்தார். “அப்பாடா, செல்வராணிக்கா பேரு!” என்று பதிவேட்டில் எழுதிவிட்டுக் குனிந்தார். மணியின் ஓரத்தைத் தொட்டதும் மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

“எடுத்துட்டுத் திரும்ப வச்சீங்களா அக்கா?”

“இல்ல மேடம். இப்பத்தான் தெரிஞ்சுச்சு.”

“ஓட்டையில மண்ணே இல்ல. பதினோரு நாளா தலைபாடா அடிச்சுக்கிறேன்ல? மேல போய்ச் சல்லடை பிடிங்க.”

செல்வராணி என் முகத்தைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். அவர் ஏறிப் போனார்.

11.30-க்குத் தேநீர் வந்தது. சல்லடை இருந்த இடத்தில் நிழல் இல்லை. 11.50-க்கு ரம்யாவிடம் சொன்னேன். அதற்குள் ஒரு மணி நேரம் போயிருந்தது.

அவர் திட்டவில்லை. “பரவால்ல சார். புதுசுதானே உங்களுக்கு,” என்றார். பிறகு பதிவேட்டைத் திறந்து செல்வராணியின் பெயரை அடித்தார். என் முழுப் பெயரைக் கேட்டார்.

“வேண்டாம், அவர் பெயரே இருக்கட்டும்,” என்றேன்.

“யார் எடுத்தாங்களோ அவங்க பேருதான் சார் எழுதணும். பொய் எழுத முடியாதுல்ல?”

சல்லடைக்குப் போய்ச் செல்வராணியிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் ஆட்டுவதை நிறுத்தவில்லை.

“தெரியும் சார். மண்ணுல நகத்தடம் கெடந்துச்சு.”

“அப்போதே சொல்லியிருக்கலாமே?”

“வந்த ஆளக் காட்டிக் குடுக்கவா? வசவு வாங்குனாலும் பேராச்சும் நின்னுச்சேன்னு இருந்தேன். அதையும் போய்ச் சொல்லிட்டீக.”

ரம்யா திரும்பக் குழிக்குக் கூப்பிட்டார். “இன்னைக்கி வேணாம் மேடம். இங்கனயே நிக்கிறேன்,” என்றார் செல்வராணி. ஐந்து மணிவரை அங்கேயே நின்றார்.

5.25-க்குத் தேனிப் பேருந்து. பக்கத்து இருக்கைக்காரர் என் கால்சட்டை மண்ணைப் பார்த்து, தங்கம் கிடைத்ததா என்று கேட்டார். இல்லை என்றேன்.

கிளம்பும் முன் பொட்டலத்தைப் பார்த்திருந்தேன். குழி மூன்று, சூதுபவள மணி ஒன்று. ஆழம் என்ற இடத்தில் ஒரு கோடு. கண்டெடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர்.