அம்மா உட்கார்ந்திருந்த நாள்

என் அம்மா ஜெயபாய் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கொட்டகையில் முப்பது வருடம் வேலை பார்த்தாள். நின்றுகொண்டே பார்க்கும் வேலை. தறிக்கும் தறிக்கும் நடுவில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அறுந்த நூலைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள்.

போன வருடம் மயக்கம் ஆரம்பித்தது. கண் இருட்டும், தறியைப் பிடித்துக்கொள்வாள், சில நொடியில் தெளிந்துவிடும். எங்கள் ஊர் மம்சாபுரத்திலிருந்து ஶ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப் போய் ஈசிஜி எடுப்பதற்குள் இதயம் ஒழுங்காகிவிடும். எடுத்ததெல்லாம் நார்மல்.

கடைசியில் ஒரு இதய மருத்துவர்தான் சந்தேகப்பட்டார். இதயத்தில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணு சோர்ந்திருக்கலாம், அது சில நொடி வேலையை நிறுத்தினால் மயக்கம் வரும் என்றார். துடிப்பைக் குறைக்கும் பிபி மாத்திரையை மாற்றினார். தைராய்டு பார்த்தார். மயக்கம் போகவில்லை. "இதை நிலையாகச் சரிசெய்ய மருந்து கிடையாது. பேஸ்மேக்கர் வைத்தால் மயக்கம் நிற்கும், மற்றவர்களைப் போல வாழலாம். ஆனால் மயக்கத்துக்குக் காரணம் இதுதான் என்று பதிவு வேண்டும்" என்றார். ஒரு நாள் முழுவதும் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை மாட்டி, வழக்கமான வேலைகளைச் செய்யச் சொல்லி அனுப்பினார்.

கருவியை மாட்டிய பையன் தண்ணீர் படக்கூடாது, விலை அதிகம் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அம்மா காதில் விழுந்தது அதுதான்.

ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை. துடிப்பு கொஞ்சம் மெதுவாக இருந்தது, அவ்வளவுதான். நான் கோயம்புத்தூரில் மோட்டார் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். போனில் கேட்டேன்.

"அன்னைக்குத் தறிக்குப் போனியாம்மா?"

"தறிக்கா? பஞ்சு பறக்கும் ஏட்டி. உள்ள போயி மெஷின் கெட்டுப்போச்சுன்னா? அடுத்தவிய சாமான்லா!"

"அப்புறம் என்னதான் செஞ்ச?"

அம்மாவுக்குப் பின்னாலிருந்து கிருபாபாய் சித்தி கத்தினாள்: "கல்யாணப் பொண்ணு மாதிரி ஃபேனுக்கு அடியில சேர் போட்டு உக்காந்திருந்தா. கொழம்புகூட நாந்தான் வச்சேன். கையை அசைக்கமாட்டேன்னுட்டா!"

"வழக்கமா செய்யிறதைத்தானே செய்யச் சொன்னாங்க?"

"மூச்சு விட்டேனே, அது வழக்கமா செய்யிறதுதானே?" அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுமை ஏற்றாமல் ஓட்டினால் எந்த மோட்டாரும் நன்றாகத்தான் ஓடும். ஓய்வில் இருக்கும் இதயத்தைப் பதிவு செய்து என்ன பிரயோஜனம்?

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். இந்தப் பதிவை வைத்து பேஸ்மேக்கர் வைக்க முடியாது, மறுபடி பார்ப்போம் என்றார். கருவி ஒன்றுதான் இருந்தது. அதற்கு முன்பே ஆள் வரிசை. அடுத்த வாரம் வியாழக்கிழமை கிடைத்தது. "அதுவரைக்கும் தறிக்குப் போகாதே" என்றேன். "உக்காந்தாலும் திட்டுத, போனாலும் திட்டுத" என்றாள். போனாள்.

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து இறங்கும்போது கொட்டகை வாசலில் விழுந்தாள். சிமென்ட் படியில் பின்மண்டை அடிபட்டது. மதுரையில் பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது நினைவில்லை. மூளைக்குள் ரத்தக்கசிவு.

தீவிர சிகிச்சைப் பிரிவின் மானிட்டரில் அது வந்தது. கோடு நேராக ஓடியது. ஐந்து நொடி. மறுபடி துடித்தது. சற்று நேரத்தில் இன்னொரு முறை. பார்க்கத் தெரியாதவர்களுக்குக்கூடத் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது.

"சைனஸ் கணு. சந்தேகமே இல்லை" என்றார் அங்கிருந்த டாக்டர். கழுத்து ரத்தநாளம் வழியாகத் தற்காலிக பேஸ்மேக்கர் கம்பியைச் செலுத்தினார்கள். அதிக நேரம்கூட ஆகவில்லை. அதன் பிறகு ஒரு துடிப்புகூடத் தவறவில்லை. நிமிடத்துக்கு எழுபது.

இரண்டு நாள் கழித்து மூளைச்சாவு என்றார்கள். சித்தி கண்ணாடி வழியாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நெஞ்சு நல்லாத்தானே ஓடுது? பொறவு என்னவாம்?"

"ஆமா சித்தி, நல்லாத்தான் ஓடுது" என்றேன்.