நாற்பத்தோராவது சிப்பாய்

பெட்டி மூடியின் உட்புறம் என் கையெழுத்தில் 41 என்று இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்த எண்ணை நம்பியிருக்கிறேன். இப்போது நம்பலாமா என்று தெரியவில்லை. முப்பத்து மூன்று வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், பஸ்ஸில் உட்கார்ந்தால் ஜன்னல் கம்பிகளை எண்ணுகிறவன், இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பெட்டியில் இருப்பவை ஈயச் சிப்பாய்கள். கூத்தாநல்லூரில் ஒரு வியாபாரியின் பழைய வீட்டைப் பிரித்தபோது வாங்கினேன். அந்த வீட்டுப் பெரியவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தவையாம். சிவப்புக் கோட்டு, கறுப்புக் கால்சட்டை, சுண்டுவிரல் உயரம். மண்டியிட்டுச் சுடுகிறவர்கள், நின்று சுடுகிறவர்கள், முரசு தட்டுகிற ஒருவன். உள்ளங்கையில் வைத்தால் அந்த உயரத்துக்கு மீறிய கனம். அந்தக் கனத்துக்காகத்தான் வாங்கினேன் என்று நினைக்கிறேன். வேறு காரணமும் இருந்திருக்கலாம். வயது முப்பத்தொன்று.

மனைவிக்குப் பயந்து நேரே வீட்டுக்குப் போகவில்லை. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் அவள் வழியில் வந்த ஆறு மா நிலம் எங்களுக்கு இருந்தது. அதைக் குத்தகைக்குப் பயிர் செய்தவர் என் வயதுக்காரர். அவருடைய களத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

"யாரு வாத்தியாரே இவனுங்க? நெல்லு அளக்க வந்தவனுங்களா?" என்று சிரித்தார். பிறகு ஒருவனை எடுத்துக் கையில் வைத்தவர் ரொம்ப நேரம் கீழே வைக்கவில்லை.

எண்ணிவிடலாம் என்றேன். களத்தில் எண்ணினால் களத்து முறைப்படிதான் எண்ண வேண்டும் என்றார். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். நான் தஞ்சாவூர் டவுனில் வளர்ந்தவன், எனக்கு அது புதிது. ஏதோ பிள்ளையார் சுழி மாதிரி என்று எண்ணிக்கொண்டு, கைகூப்பி "லாபம்" என்றேன். பிறகு ஒரு சிப்பாயை எடுத்து "ஒன்று" என்றேன்.

"ஒண்ணுன்னு சொல்லப்படாதுங்க. லாபத்துக்கு அப்புறம் ரெண்டு."

சரி என்று "இரண்டு" என்று சொல்லி அவனைக் கீழே வைத்தேன். மூன்று, நான்கு என்று போய் நாற்பத்தொன்றில் முடிந்தது. மூடியில் எழுதினேன். எழுதிய எண்ணை மறுபடி சரிபார்க்கிற வழக்கம் அப்போது எனக்கு இல்லை. அதற்குப் பிறகுதான் வந்தது.

பெட்டி அவரிடமே இருந்தது. "குத்தகைக்கு விட்டிருக்கேன், பத்திரம்" என்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்குப் பதினைந்து சிப்பாய், மிச்சம் பெட்டியில். வைக்கோலில் மதில், வாய்க்கால் ஓரம் எல்லை. புளியங்கொட்டையைச் சுண்டி எதிராளியின் சிப்பாய்களை வீழ்த்த வேண்டும். அவர் குறி தப்பாது. ஊரில் ஒரு தெருவில் சிவப்புக் கொடி, இன்னொரு தெருவில் கறுப்புச் சிவப்புக் கொடி, டீக்கடையில் தினம் தகராறு. எங்கள் சண்டையில் கொடி கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே சட்டை போட்டிருந்ததால் யார் படை யாருடையது என்று நான் அடிக்கடி குழம்பி என் ஆளையே சுட்டிருக்கிறேன்.

அப்போதுதான் குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. பதிந்தவரை நிலத்தைவிட்டு எளிதில் எழுப்ப முடியாது. அவரும் தாலுகா ஆபீஸில் பதிந்துகொண்டார். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் பதிந்தார். ஆனால் மைத்துனர்கள் இரண்டு பேர் வந்து, "நிலம் போச்சு, போ" என்று இரண்டு நாள் உட்கார்ந்து சொன்னார்கள். மூன்றாம் நாள் போய்ப் பெட்டியைக் கேட்டேன். ஏன் கேட்டேன்? நிலத்தைக் கேட்க முடியாததால் இருக்கலாம்.

அங்கேயே எண்ணினேன். நாற்பது. மறுபடி எண்ணினேன். நாற்பது.

"ஒண்ணு குறையுதே."

அவர் முகம் மாறிற்று. "பதிஞ்சதுக்குப் பொம்மைக் கணக்குல கோவமா?" என்றார். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தரங்கம்பாடியில் வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டு வாங்கி உருக்கி, வண்டல் மண்ணில் அச்சு செய்து, ஞாபகத்திலிருந்தே ஒரு சிப்பாயை வார்த்திருந்தார். தோளில் இருப்பது துப்பாக்கியா மண்வெட்டியா என்று சொல்ல முடியாது. "இந்தாங்க உங்க நாப்பத்தொண்ணு" என்று என் கையில் வைத்துவிட்டுப் போனார். குத்தகை நெல் வருஷா வருஷம் தவறாமல் வந்தது, வண்டிக்காரர் கையில். அவர் வரவில்லை.

போன தை மாதம் உறவுக்காரர் வீட்டில் கோயிலுக்கு நெல் அளந்தார்கள். அளந்தவர் மரக்காலைக் கவிழ்த்தபடி "லாபம்" என்றார். அவர் கையில் நெல் இருந்தது. என் கையில் அன்று என்ன இருந்தது? கைகூப்பினேன். கூப்பிய கையில் சிப்பாய் எப்படி இருக்கும்? அப்படியானால் முதல் சிப்பாயே இரண்டு. மொத்தம் எப்போதுமே நாற்பதுதானா? கைகூப்பினேனா, அதுவும் இப்போது தோன்றுகிறதா? நான்கு நாள் தூக்கம் இல்லை. ஐந்தாம் நாள் பெட்டியோடு பஸ் ஏறினேன்.

குத்தகைக்காரர் தம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண் மங்கியிருந்தது, குரலில் கண்டுகொண்டார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப ஒண்ணும் தொலையலையா?"

"தொலையலைன்னுதான் நினைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா? யோவ் வாத்தியாரே, மூணு நாள் வாய்க்கால்ல எறங்கிச் சேத்தைத் துழாவினேன்யா. எம்பொண்டாட்டி பைத்தியம் புடிச்சிருச்சுன்னு அழுதா. நாந்தான் வெளையாட்டுல தண்ணில விட்டுட்டேன்னு இத்தனை வருஷம் நெனைச்சிட்டு இருக்கேன்."

மன்னிச்சுக்குங்க என்றேன். எத்தனை முறை சொன்னேன் என்று எண்ணவில்லை.

அவர் கையை நீட்டினார். "அப்ப அது என்னுது. குடுங்க."

வலை ஈயத்துச் சிப்பாயைக் கொடுத்தேன். விரலால் தடவி மண்வெட்டியைக் கண்டுபிடித்தார். "ஒருத்தனை வச்சுக்கிட்டு எங்க சண்டை போடறது? பதினாலு பேரைக் குத்தகைக்கு விடுங்க" என்றார். "நீங்க எண்ணாதீங்க. நான் எண்ணிக்கிறேன்."

ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். முதலாமவனை உள்ளங்கையில் வாங்கி, கனம் பார்த்து, லாபம் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் பெட்டியைத் திறந்து எண்ணினேன். இருபத்தாறு. நீடாமங்கலம் தாண்டி மறுபடி எண்ணினேன். இருபத்தைந்து வந்தது. மூடிவிட்டேன்.