ஒரு தலைமுடி குறைந்த ஈயக்குண்டு

எங்கள் அறையில் பூட்டு உள்ள பொருள் ஒன்றே ஒன்று. அது என் டூல் பாக்ஸ். சவூதிக் கடலோரத்தில், ஜுபைல் கேம்ப்பில் நாங்கள் நான்கு பேர் ஒரே அறையில் இருக்கிறோம். உப்பு, எண்ணெய், சோப்பு, செருப்பு எதை எடுத்தாலும் யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால்தான் தப்பு. "என்னண்ணே, கேட்டுக்கிட்டு?" என்று கோபித்துக்கொள்வார்கள். நான் மட்டும் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் கட்டியிருப்பேன். முப்பது வருடம் லேத் ஓட்டியவன். தலைமுடிக் கனத்தையும் அளக்கும் என் மைக்ரோமீட்டரை வேறொருவன் தொட்டால் சோறு இறங்காது.

எனக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. கடைக்காரர் சிரித்தால் மீதியை எண்ணிப் பார்ப்பேன். யாராவது தானாக டீ வாங்கிக் கொடுத்தால், இவனுக்கு என்ன வேண்டியிருக்கிறது என்று யோசித்துக்கொண்டே குடிப்பேன். என் மனைவி போனில், "உங்ககிட்ட நல்லா இருக்கீங்களான்னு கேக்கவே பயமா இருக்குதுங்க" என்பாள்.

கீழ்க்கட்டிலில் இருந்தவன் வேதாரண்யம் பக்கத்துக்காரன். என்னைவிடப் பதினாலு வயது சின்னவன். சாரம் கட்டும் வேலை. வெள்ளிக்கிழமை லீவில் கட்டிலில் உட்கார்ந்து வீச்சுவலை பின்னுவான். வலையின் விளிம்பில் கோக்க இருநூறு ஈயக்குண்டு வேண்டும் என்றான். கடையில் கிடைப்பது ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. அப்படிக் கோத்தால் வலை வட்டமாக விரியாமல் ஒரு பக்கம் இழுக்குமாம். அளவு என்று காதில் விழுந்ததும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் கிடந்த அலுமினியத் துண்டில் இரண்டு பாதியாக ஒரு அச்சு கடைந்தேன். நடுவில் துளைக்கு ஒரு கம்பி. குண்டு பதினோரு மில்லி வரவேண்டும் என்று கணக்கு.

டயர் கடையில் சக்கரத்தில் மாட்டும் பழைய ஈயக்கட்டிகள் கொஞ்சம் கிடைத்தன. மெஸ்ஸுக்குப் பின்னால் திறந்த வெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, இரும்புச் சட்டியில் உருக்கி ஊற்றினோம். முதல் சில குண்டுகள் சுருங்கிப்போய் வந்தன. அச்சு சூடேறிய பிறகு ஒன்றுபோல விழ ஆரம்பித்தன. நான் ஒவ்வொன்றையும் அளந்தேன். அவன் சிரித்தான்.

"மீனுக்கு மைக்ரோமீட்டர் எல்லாம் தெரியாதுண்ணே."

"மீனுக்குத் தெரியாட்டி போவுது. எனக்குத் தெரியுமல்லோ."

இணைப்பில் லேசாகப் பிசிறு வந்தது. "அச்சு வாயை அரத்தால கொஞ்சம் ராவினா பிசிறு வராதுண்ணே" என்றான். ராவினால் இரண்டு பாதியும் நெருங்கிவிடும், குண்டு சிறுத்துவிடும், அச்சில் கை வைக்கவே கூடாது என்று அதட்டினேன். பிசிறைக் குண்டிலேயே ராவிக்கொள்ள ஒரு சின்ன அரம் வாங்கி வைத்துக்கொண்டான்.

அன்றைக்கு கேம்ப் செக்யூரிட்டி வந்துவிட்டார். குவித்து வைத்திருந்த குண்டுகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்து, "யே க்யா ஹை?" என்று கேட்டுக்கொண்டே மறு கையால் வாக்கிடாக்கியை எடுத்தார். அவன்தான் அறைக்கு ஓடிப்போய் வலையைக் கொண்டுவந்து மண்ணில் விரித்து, "மச்லி, பாய், மச்லி" என்று இல்லாத மீனைப் பிடித்துக் காட்டினான். அவர் சிரித்துவிட்டுப் போனார். அன்று முழுக்க நான் பொருமினேன். என்னைப் பார்த்தால் துப்பாக்கிக்குண்டு செய்கிறவன் மாதிரியா இருக்கிறது? மனுஷனை மனுஷன் இப்படியா சந்தேகப்படுவது?

அந்த மாதம்தான் எங்கள் டூல் ரூமில் ஓர் இடம் காலியானது. அளவுக் கருவிகளை எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி, சரிபார்த்து வைக்கிற வேலை. ஏசி உண்டு. போன கோடையில் அவன் சாரத்தின் மேல் மயங்கிச் சாய்ந்தவன். இடுப்புக் கயிறு இருந்ததால் பிழைத்தான். அடுத்த ஜூன் வருவதற்குள் கீழே இறங்கிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவனுடைய கவலை. "ஃபோர்மேன் உங்க பேச்சைத்தாண்ணே கேப்பாரு" என்றான். சொல்கிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

நூற்றிருபது குண்டு ஊற்றியதும் ஈயம் தீர்ந்தது. கழிவில் கிடந்த பழைய கேபிளின் ஈய உறையைக் கேட்டு வாங்கி வந்தவன் நான்தான். அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு ஓவர்டைம் வந்துவிட்டது. அச்சை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால், எண்பது குண்டும் ஒரு செய்தித்தாளில் பளபளவென்று கிடந்தன. பிசிறே இல்லை.

பிசிறு இல்லாததைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. மைக்ரோமீட்டரை எடுத்து இணைப்புக்குக் குறுக்கே பிடித்தேன். ஒரு தலைமுடி அளவு குறைந்தது. பத்துக் குண்டை அளந்தேன். பத்தும் குறைந்தன.

"ஏப்பா, என்ற அச்சுல அரம் போட்டியா?"

"இல்லண்ணே. தொடவே இல்ல."

"அப்பறம் எப்படிச் சிறுத்துச்சு?"

"தெரியலண்ணே. இந்த ஈயம் மெத்துன்னு இருக்கு. நகம் பதியுது பாருங்க."

பேச்சை மாற்றுகிறான் என்று நினைத்தேன். அவன் அரம் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதன் பல்லில் வெள்ளையாகத் துகள். ஈயமா அலுமினியமா என்று நான் உரசிக்கூடப் பார்க்கவில்லை. ராவியது கூட எனக்குப் பெரிதில்லை. என் முகத்துக்கு நேரே பொய் சொல்கிறானே என்பதுதான் எரிந்தது. அச்சைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

மூன்றாம் நாள் ஃபோர்மேன், ஒரு பெஷாவர்க்காரர், டூல் ரூம் வேலைக்கு உங்கள் அறைக்காரன் எப்படி என்று என்னிடம் இந்தியில் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "நல்ல உழைப்பாளி. ஆனால் அளவில் பொய் சொல்கிறான்" என்றேன். டூல் ரூமுக்கு அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அவன் குற்றத்தை முழுசாக நிரூபிக்க வேண்டும் என்று தனியாக அடுப்பை மூட்டினேன். மீதமிருந்த கேபிள் ஈயத்தை உருக்கி ஊற்றினேன். குண்டு சிறிதாகத்தான் வந்தது. இருக்காதா பின்னே, ராவிய அச்சு அல்லவா? அளக்கும்போது குண்டு கையிலிருந்து உருண்டது; எடுத்துத் திரும்பப் பிடித்ததில் மைக்ரோமீட்டர் இணைப்பின் போக்கிலேயே விழுந்துவிட்டது. அந்தப் பக்கமும் அதே தலைமுடி குறைவு.

அச்சு வாயை ராவினால் குண்டு குறுக்கேதான் சிறுக்கும். மற்ற பக்கம் சிறுக்க வழியே இல்லை. இது லேத் பழகும் முதல் வருடத்தில் தெரிகிற விஷயம். அவன் குற்றம் தெரியக்கூடிய ஒரே பக்கத்தை மட்டும் அத்தனை நாளும் அளந்திருக்கிறேன்.

முதலில் ஊற்றிய டயர் கடை ஈயக் குண்டுகளில் நாலைந்தை எடுத்து, உருக்கி, அதே அச்சில் ஊற்றினேன். முழுசாகப் பதினோரு மில்லி. டயர் கடை ஈயத்தில் கலப்பு இருக்கிறது. அது கெட்டி, ஆறும்போது அவ்வளவு சுருங்காது. கேபிள் ஈயம் சுத்தமானது, மெத்தென்றது, கூடுதலாகச் சுருங்கும். நகம் பதியுது பாருங்க என்று அவன் சொன்னது அதைத்தான். அரத்தின் பல்லில் இருந்தது குண்டுகளின் பிசிறை ராவிய ஈயத்துகள்தான். அந்த ஈயத்தைக் கொண்டுவந்தவன் நான்.

மறுநாள் காலையில் வேலைக்குப் பஞ்ச் அடிப்பதற்கு முன்பே ஃபோர்மேனிடம் ஓடினேன். தப்பு என்னுடையது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கலாஸ், பாய். வேற ஆள் வந்தாச்சு" என்றார்.

அன்று சாயங்காலம் அறையில் மற்ற இருவரும் இருக்கும்போதே அவனிடம் சொன்னேன். மறைவாகச் சொல்லியிருந்தால் எனக்கே என்மேல் சந்தேகம் வந்திருக்கும். அவன் வலையை மடித்துக்கொண்டே கேட்டிருந்துவிட்டுச் சொன்னான்.

"தெரியும்ணே. அளவுல பொய் சொல்ற ஆளுன்னு சைட்லயே சொன்னாங்க."

"தெரிஞ்சும் என்ற கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா நம்பியிருப்பீங்களாண்ணே?"

இல்லை. நம்பியிருக்க மாட்டேன். அதையும் சொன்னேன்.

வலையை அவன் முடித்துவிட்டான். பெரிசும் சிறிசும் கலந்து கோத்தான். வட்டமாகத்தான் விரிகிறது. பிடித்த மீனில் எனக்கும் ஒரு பங்கு தட்டில் வைக்கிறான். ஜூன் வந்துவிட்டது. சாரத்திலிருந்து இறங்கி வரும்போது அவன் சட்டை உப்புப் பூத்து விறைத்திருக்கிறது. டூல் பாக்ஸை நான் இப்போது பூட்டுவதில்லை. அவன் அதன் பக்கமே வருவதில்லை.

நேற்று மெஸ்ஸில் சமைப்பது என் முறை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவன் தட்டோடு வந்து என் பக்கத்தில் நின்றான்.

"உப்பு எடுத்துக்கட்டுமாண்ணே?"

எடுத்துக்கோ என்றேன். அந்த உப்புப் பாக்கெட் அவன் வாங்கி வைத்தது.